நூறு மாணவர், ஐந்து வகுப்பு, ஐந்து ஆசிரியர்

தமிழ்நாட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பதை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. துறையின் மொழியில் இதற்குப் பணியாளர் நிர்ணயம் என்று பெயர். கணக்கில் மிஞ்சும் பணியிடம் உபரி. அதில் இரண்டு வகை உண்டு. ஆசிரியருடன் கூடிய உபரி என்றால், அந்தப் பாடத்தில் பணியில் இளையவர் பணி நிரவல் கலந்தாய்வுக்குப் போய் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிரியர் இன்றி உபரி என்றால், ஓய்வு பெற்றோ மாறுதலாகியோ போனவரின் காலியிடம் இயக்குநரின் பொதுத் தொகுப்புக்குச் சரண் செய்யப்படும். அப்படி ஓர் இடம் போய்விட்டது என்பது ஊரில் யாருக்கும் தெரியவும் வராது. வகுப்புக்கு மூன்று நான்கு பிரிவுகள் வைத்திருக்கும் பெரிய பள்ளிகளுக்கு இந்த முறை ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரே பிரிவு, மொத்தம் நூறு பேர் அல்லது அதற்கும் குறைவு என்றிருக்கும் பள்ளிகளுக்குப் பொருந்தவே இல்லை. அங்கே ஆசிரியர் தேவையை வகுப்புகளையும் பாடங்களையும் வைத்துத்தான் எண்ண முடியும். மாணவர் தலையை வைத்து எண்ணும்போது, பற்றாக்குறையில் தவிக்கும் பள்ளி காகிதத்தில் வசதியான பள்ளியாகத் தெரிகிறது. அந்தக் காகிதத்தை நம்பி எடுக்கப்படும் முடிவுகள் பள்ளியை மேலும் சுருங்கச் செய்கின்றன.

சிறிய பள்ளி என்றால் ஏதோ தோல்வியின் மிச்சம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்தப் பள்ளிகள் வந்த வழியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 2009இல் தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டம், ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பதை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான நடுநிலைப் பள்ளிகள் அதன்படி தரம் உயர்த்தப்பட்டன. எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, பத்தாம் வகுப்பு வரை கொண்டுவருவதற்காகவே பள்ளியை ஊருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் பள்ளி என்றால் ஒவ்வொன்றும் சிறியதாகத்தான் இருக்கும். அதன் பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறையத் தொடங்கியது. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.4. மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான அளவு 2.1. கூடவே, வசதியுள்ள குடும்பங்கள் வேன் வைத்து மெட்ரிக் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பின. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களில் அரசே கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஏற்பாடு 2013–14 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்பு இன்னும் மெலிந்தது. அந்தத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை நம்பித்தான் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆக, இன்று சிறிதாக இருக்கும் பள்ளிகள் விதிவிலக்குகள் அல்ல. பிறப்பு விகிதம் போகும் போக்கில், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஊர்ப்புறத்து உயர்நிலைப் பள்ளி என்றாலே இந்த அளவுதான் என்றாகும்.

யார் போய்விட்டார்கள் என்பதைப் போலவே யார் எஞ்சியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். வேன் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் போன பிறகு, கூலி வேலைக் குடும்பங்களின் பிள்ளைகளும், பட்டியல் சாதிப் பிள்ளைகளும், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டுபவர்களும் பள்ளியில் அடர்த்தியாகிறார்கள். மகனுக்கு மெட்ரிக், மகளுக்கு அரசுப் பள்ளி என்று முடிவெடுக்கும் வீடுகள் உண்டு என்பதால் சில ஊர்களில் மாணவிகளின் பங்கு கூடுகிறது. தனியார் பள்ளிகள் சேர்க்கத் தயங்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள் இங்கேதான் வருகிறார்கள். செங்கல் சூளைகளையும் பின்னலாடைத் தொழிலையும் ஒட்டிய ஊர்களில் ஒடிசா, பீகார் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சேர்கிறார்கள். கரும்பு வெட்டப் போகும் பெற்றோருடன் சில மாதங்கள் காணாமல் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் படித்தவர்களுக்கு எட்டாம் வகுப்போடு அரசின் கட்டண உதவி முடிகிறது. கட்ட முடியாதவர்கள் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்புகிறார்கள், எட்டு ஆண்டுகள் வேறு பயிற்றுமொழியில் படித்த பிறகு. பதினெட்டு பேர் உள்ள ஒரு வகுப்பில் இத்தனை வகைப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். எண்ணிக்கை குறைந்தால் கற்பிப்பது எளிதாகும் என்ற எதிர்பார்ப்பு, பிள்ளைகள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தால்தான் பொருந்தும். இங்கே எண்ணிக்கை குறையக் குறைய, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தேவைப்படும் நேரம் கூடுகிறது.

இனி பாட அட்டவணைக்கு வருவோம். இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஆவணம் அதுதான். நூறு பேர் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புகள். நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள். வகுப்புக்கு நாற்பது என்ற கணக்கில் வாரத்துக்கு மொத்தம் 200 பாடவேளை. இத்தகைய பள்ளிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படுவது ஒரு தலைமை ஆசிரியரும், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியலுக்குப் பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்களும். வகுப்புக்கு வாரம் ஏழு பாடவேளை ஒரு பாடத்துக்கு என்று வைத்தால், ஒவ்வோர் ஆசிரியருக்கும் 35 பாடவேளை வருகிறது. நாற்பதில் முப்பத்தைந்து. மிச்சமிருக்கும் ஐந்தில்தான் ஐந்து வெவ்வேறு வகுப்புகளுக்கான தயாரிப்பு, நோட்டுத் திருத்தம், எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பொருள்களின் விநியோகம் எல்லாம். உடற்கல்வி, ஓவியம், நூலகம் ஆகியவற்றுக்கென வகுப்புக்கு ஐந்து வீதம் எஞ்சும் 25 பாடவேளைகளுக்கு ஆளே இல்லை. இது எல்லா இடங்களும் நிரம்பியிருக்கும் நல்ல வாரத்தின் கணக்கு. ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால், அல்லது மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டால், 35 பாடவேளை காலியாகும். மற்ற நால்வரின் ஓய்வு வேளைகள் முழுவதையும் பிடுங்கிக்கொண்டாலும் கிடைப்பது இருபதுதான். பதினைந்து பாடவேளை ஆசிரியர் இல்லாமலே நிற்கும். தலைமை ஆசிரியர் பணியிடமும் காலி என்றால் மூத்த பட்டதாரி ஆசிரியர் பொறுப்புத் தலைமை ஆசிரியர் ஆவார். வட்டாரக் கூட்டத்துக்கும் மாவட்டக் கூட்டத்துக்கும் அவர்தான் போக வேண்டும். மார்ச் மாதத் தேர்வறைக் கண்காணிப்பும் ஏப்ரல் மாத விடைத்தாள் திருத்தமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

அட்டவணையில் தெரியாத இன்னொரு சுமையும் உண்டு. அறிவியலுக்கு ஒரு பணியிடம் என்றால், இயற்பியலையோ விலங்கியலையோ பட்டப்படிப்பில் எடுத்த ஒருவர், பத்தாம் வகுப்பின் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கையும் நடத்த வேண்டும். சமூக அறிவியலில் வரலாறு படித்தவர் புவியியலையும் பொருளியலையும் நடத்துவார். ஆங்கில வழிப் பிரிவு இருக்கும் பள்ளிகளில், தனிப் பிரிவுக்கான எண்ணிக்கை இல்லாததால், இரு பயிற்றுமொழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்வார்கள். ஒரே ஆசிரியர் ஒரே பாடவேளையில் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். கணித ஆசிரியர் இல்லாவிட்டால் அறிவியல் ஆசிரியர் கணிதமும் எடுக்கட்டுமே என்று சொல்பவர்கள், அவர் ஏற்கெனவே நான்கு பேரின் வேலையைச் செய்கிறார் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

இத்தனைக்கும் பிறகு இந்தப் பள்ளியின் மாணவர்–ஆசிரியர் விகிதம் 20:1. தேசியக் கல்விக் கொள்கை 2020 பரிந்துரைக்கும் அளவு 30:1. சமூக, பொருளாதார வகையில் பின்தங்கிய மாணவர் மிகுந்த பகுதிகளுக்கு 25:1. இரண்டு அளவுகளின்படியும் நம் பள்ளி சிறப்பாக இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் அரசாணை 525 வகுத்த 1:40 என்ற பழைய கணக்கை வைத்தால் நூறு பேருக்கு மூன்று ஆசிரியர்கூட வேண்டியதில்லை. பாடத்துக்கு ஒருவர் என்ற குறைந்தபட்ச ஏற்பாடு இருப்பதால் ஐவர் கிடைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் விகிதத்தின் கண்ணில் அந்த ஐந்தே சலுகை என்பதால், ஆறாவது ஆசிரியர் எப்போதும் உபரி. காலியிடம் விழுந்தால் நிரப்ப அவசரமும் இல்லை. நாடு முழுவதையும் எடுத்தாலும் இதே மயக்கம்தான். மத்தியக் கல்வி அமைச்சின் யுடைஸ் பிளஸ் 2024–25 புள்ளிவிவரத்தின்படி இந்தியப் பள்ளிகளில் ஆசிரியர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. இடைநிலை வகுப்புகளில் சராசரி விகிதம் 21:1. அதே புள்ளிவிவரத்தில் ஓராசிரியர் பள்ளிகள் 1,04,125. இரண்டும் ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் உண்மையாக இருக்கின்றன. விகிதம் என்பது வகுப்பறையில் கூட்டம் சேராமல் தடுக்க வகுக்கப்பட்ட மேல்வரம்பு. அறுபது பேரை ஒருவரிடம் விடாதே என்று சொல்ல அது பயன்படும். இத்தனை பேர்தான் இருக்கிறார்கள், இவர்களுக்கு இவ்வளவு ஆசிரியர் போதும் என்று சொல்ல அதைப் பயன்படுத்தும்போது அதன் நோக்கமே தலைகீழாகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு அதன் அட்டவணை முதலில் சொல்வது, வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர், அதுவும் அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் ஆள் இருக்கும்படியாக என்பதை. 35 பேருக்கு ஒருவர் என்பது அடுத்துத்தான் வருகிறது. ஆனால் அதே அட்டவணை முழுநேரத் தலைமை ஆசிரியரையும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநர்களையும் நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்த பள்ளிகளுக்கே உறுதிசெய்தது. சிறிய பள்ளி அங்கேயே விடுபட்டுவிட்டது. ஒன்பதும் பத்தும் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்குப் பாட ஆசிரியர் இருப்பது துறையின் உத்தரவுகளைப் பொறுத்ததாகவும், பொதுத்தேர்வு இல்லாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது சட்டத்தின் உறுதியாகவும் இருப்பது நியாயமான ஏற்பாடு இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது இணைப்பு வாதம். இரண்டு மூன்று சிறிய பள்ளிகளைச் சேர்த்து ஒரு பெரிய பள்ளியாக்கினால் பாடத்துக்கு இருவர் கிடைப்பார்கள், ஆய்வகமும் விளையாட்டு மைதானமும் கிடைக்கும் என்கிறார்கள். இது வெறும் சிக்கன யோசனை இல்லை. பிள்ளைகளின் நலனையும் மனத்தில் வைத்துச் சொல்லப்படுவதுதான். ராஜஸ்தானில் 2014இல் ஏறத்தாழ 17,000 பள்ளிகள் இப்படி இணைக்கப்பட்டன. 2025இல் உத்தரப் பிரதேசம் ஐம்பதுக்குக் குறைவான மாணவர் உள்ள பள்ளிகளை இணைக்க உத்தரவிட்டது. ஆனால் தூரம் என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் நல்ல சான்று இருக்கிறது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் தரத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்களின் விகிதம் இதனால் 32 விழுக்காடு கூடியது தெரிந்தது. அந்தப் பயன் பெரும்பாலும் பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர், அதற்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் கிடைத்தது. தூரத்தைக் குறைத்தால் இவ்வளவு பெண்கள் வருகிறார்கள் என்றால், தூரத்தைக் கூட்டினால் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் விலையில்லாச் சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கிறது. ஆறாம் வகுப்புச் சிறுமிக்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு, ஆனால் பேருந்து அவள் ஊருக்கு வர வேண்டும், நேரத்துக்கும் வர வேண்டும். சாதி மோதல் பதற்றம் உள்ள பகுதிகளில் அடுத்த ஊரைக் கடந்து பள்ளிக்குப் போவது தூரம் மட்டுமே சார்ந்த விஷயமும் இல்லை. இவ்வளவு சொன்ன பிறகும், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இருபது பேர் என்ற நிலைக்கு வந்துவிட்ட பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதிட மாட்டேன். மூன்று நான்கு பேர் உள்ள வகுப்பில் பிள்ளைக்குச் சக மாணவர் என்ற துணையே கிடைப்பதில்லை. அங்கே முதலில் போக்குவரத்து, அது ஓராண்டு ஒழுங்காக ஓடிய பிறகு இணைப்பு என்ற வரிசை இருந்தால் ஏற்கலாம்.

ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அடுத்த யோசனை. கோத்தாரி ஆணையம் 1964–66இல் சொன்ன பள்ளி வளாகம் என்ற கருத்தைத் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. உடற்கல்வி, ஓவியம், இசை, சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. நூறு பேருக்கு ஒரு முழுநேர ஓவிய ஆசிரியரைக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. நான்கு பள்ளிகளுக்கு ஒருவர், நிரந்தரப் பணியில், நாள் குறித்து வந்துபோனால் போதும். தமிழ்நாட்டில் நாம் செய்தது வேறு. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாள் என்று நியமித்தோம். ஊதியம் பிறகு படிப்படியாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். முதன்மைப் பாடங்களுக்கும் 2022 முதல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் வந்தார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000 ரூபாய். அவசரத்துக்கு இது உதவியது என்பதை மறுக்க முடியாது. நிரந்தர ஏற்பாடாக இதை நீட்டிப்பதுதான் தவறு. தமிழ் எழுத்தைத் தடுமாறிப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பையனைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோக, அவனை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். ஏப்ரலில் போய்விடுபவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எண்ணிக்கையைப் போலவே ஆசிரியர் யார் என்பதும் சிறிய பள்ளியில் அதிகக் கனம் பெறுகிறது. ஐந்து ஆசிரியர்களும் ஆண்களாக அமைந்துவிட்டால், பருவமடைந்த மாணவி தன் தேவையைச் சொல்ல ஆளில்லை. நாற்பது ஆசிரியர் உள்ள பள்ளியில் இது நடக்காது. ஐவர் உள்ள பள்ளியில் ஒரே கலந்தாய்வில் நடந்துவிடும். சாதி விஷயத்திலும் இதே கவனம் தேவை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சாதிப் பகையால் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, ஒரு பகுதியின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராக நியமிக்க வேண்டாம் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள பள்ளியில் இந்தக் கவனம் தலைமை ஆசிரியரோடு நிற்காமல் ஆசிரியர்கள் வரைக்கும் வர வேண்டும். பணி மூப்பையும் காலியிடத்தையும் மட்டுமே பார்க்கும் கலந்தாய்வில் இதற்கு இடமில்லை. சிறிய பள்ளிகளுக்காவது குறைந்தது இரண்டு பெண் ஆசிரியர் என்ற விதி தேவை.

பெற்றோரே வேண்டாம் என்று விலகும் பள்ளிக்கு எதற்கு இவ்வளவு என்ற கேள்வியும் எழும். பெற்றோர் எதைப் பார்த்து விலகுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கணித ஆசிரியர் ஆறு மாதமாக இல்லை என்ற செய்தி ஊருக்குள் போக ஒரு நாள் போதும். பன்னிரண்டு பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒருவர் தோற்றால் தேர்ச்சி விகிதம் எட்டு விழுக்காட்டுக்கு மேல் இறங்கி, மாவட்டப் பட்டியலின் அடியில் பள்ளியின் பெயர் வருகிறது. அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பில் நான்கு பேர் குறைகிறார்கள். ஆகஸ்ட் 1 கணக்கில் அது பதிவாகிறது. விலகல் ஆசிரியர் குறைப்புக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. ஆனால் ஆசிரியர் குறைவு விலகலுக்குக் காரணமாக இருந்தது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் பெருமளவில் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், உயர்கல்வி சேரும் மாணவிகளுக்கான மாதம் 1,000 ரூபாயும் பெற்றோரை மறுபடி யோசிக்கவைத்தன. வந்தவர்களைத் தக்கவைக்கும் அளவுக்குப் பாட ஆசிரியர் இருந்தார்களா என்பதுதான் அந்த ஆண்டுகள் எழுப்பும் கேள்வி.

செலவு? பணி நிரவலால் சம்பளச் செலவு குறைவதில்லை. ஆசிரியர் வேறு ஊருக்குப் போகிறார், சம்பளம் அதேதான். மிச்சமாவது அடுத்த நியமனம். பத்தாண்டுக்கு அருகிலான இடைவெளிக்குப் பிறகு 2024 பிப்ரவரியில்தான் பட்டதாரி ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் போட்டித் தேர்வு நடந்தது. அந்த இடைவெளியின் விலையை வட மாவட்டங்களின் சிறிய பள்ளிகள் கொடுத்தன. தெற்கிலிருந்து அங்கே நியமிக்கப்படுபவர்கள் முதல் வாய்ப்பிலேயே சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கேட்பது பழைய கதை. வகுப்பை அலகாக வைத்தால் அரசு திவாலாகும் என்ற அச்சத்துக்கு ஜப்பானின் அனுபவம் பதில் சொல்லும். அங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கையை வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடுகிறது. வகுப்புகள் குறைவாக உள்ள பள்ளிக்கு, வகுப்பு ஒன்றுக்கான ஆசிரியர் பங்கு கூடுதல். பிறப்பு விகிதம் நம்மைவிட வெகு காலம் முன்பே சரிந்த நாடு அது. அங்கேயும் பள்ளிகள் மூடப்பட்டன, ஆனால் திறந்திருக்கும் பள்ளிக்கு ஆசிரியர் உண்டு.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியவற்றுள் பெரும்பாலானவை சட்டமன்றம் வரை போக வேண்டியவை அல்ல. ஐந்து வகுப்பும் ஐந்து பாடமும் உள்ள பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் நீங்கலாக ஆறு பட்டதாரி ஆசிரியர் அடிப்படை அளவு என்றும், ஆறாமவர் கணிதம் அல்லது அறிவியலில் இருக்க வேண்டும் என்றும், விகிதக் கணக்கு அதற்கு மேல்தான் தொடங்கும் என்றும் 1997 அரசாணையைத் திருத்தலாம். ஒரே நாளின் எண்ணிக்கைக்குப் பதில் மூன்று ஆண்டுச் சராசரியை எடுத்தால், நாலைந்து குடும்பங்கள் ஊர் மாறியதற்காக ஓர் இடம் பறிபோகாது. வட்டாரத்துக்குப் பாடத்துக்கு ஒருவராக விடுப்புக்கால ஆசிரியர்களை நிரந்தரப் பணியில் வைத்தால், மகப்பேறு விடுப்பு எடுக்கும் ஆசிரியை குற்ற உணர்வோடு போக வேண்டியதில்லை. எமிஸ் பதிவேற்றத்தைப் பார்க்க இளநிலை உதவியாளர் ஒருவர் எந்தச் சிறிய பள்ளிக்கும் வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாட ஆசிரியரைச் சட்டப்படி உறுதிசெய்வதற்கு மட்டும் தனிச் சட்டம் தேவைப்படும். கல்வி 1976 முதல் பொதுப் பட்டியலில் இருப்பதால் அதை மாநிலமே இயற்ற முடியும்.